மழலையர்க்கு இசை: கொடையா, கடனா?

தாலாட்டு இல்லாத மக்கட் கூட்டத்தைக் காண்டல் அரிது. எழுத்தறியாச் சமூகங்களிலும் குழந்தையை உறங்க வைக்க ஒரு பாட்டும், விழித்த குழந்தையை விளையாட வைக்க ஒரு பாட்டும் உண்டு. ஆதலின், சிறு குழந்தைக்கு இசையை அறிமுகஞ் செய்தல் எவரும் வினாவெழுப்ப வேண்டாத எளிய செயல் போலத் தோன்றும். ஆயின் அச்செயல் தாயின் மடியை விட்டு நீங்கி, ஒரு வகுப்பாகவும் ஒரு பாடத்திட்டமாகவும் கட்டணம் பெறும் பணியாகவும் மாறும்போது, சில வினாக்கள் தவிர்க்க முடியாதனவாகின்றன. எந்த நோக்குடன் நாம் அக்குழந்தைக்கு இசையைக் கொடுக்கின்றோம்? எவருடைய இசையைக் கொடுக்கின்றோம்? கொடுக்க இயன்றவர் தம் பிள்ளைகட்கு வழங்கும் கொடையா அது? அன்றி, எல்லாக் குழந்தைகட்கும் சமூகம் செலுத்தியாக வேண்டிய கடனா? இவ்வினாக்களை, மாத்தளை மாவட்டத்தின் பெருந்தோட்டக் குழந்தைகளை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் விளையாட்டு என்னுஞ் சொல்லை நோக்குவோம். அன்றாட வழக்கில் அது பயனற்ற செயலைக் குறிக்கின்றது. 'விளையாட்டுத்தனம்' என்பது பழிச்சொல். ஆயின் நம் முன்னோர் அதனை இவ்வாறு தாழ்வாகக் கருதினாரல்லர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்து, செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக எண்ணுகின்றது. கல்வியால் வரும் இன்பமும் விளையாட்டால் வரும் இன்பமும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. கம்பர் தம் காப்பியத்தின் தொடக்கத்திலேயே உலகங்களைப் படைத்துக் காத்து நீக்கும் இறைச்செயலை விளையாட்டாகக் காண்கின்றார். வேறொரு தேவைக்காக அன்றித் தன்னிலேயே நிறைவு பெறும் செயலே விளையாட்டு என்னும் கருத்து இங்கே தொனிக்கின்றது. இக்கருத்து பின்னர் நமக்குப் பயன்படும்.

அடுத்து, பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை நோக்குதல் தகும். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகக் கொண்டு பாடிய பாடல்களில் வித்தூன்றி, ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழில் தனி நூலாக வடிவு பெற்ற இவ்வகை, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கின்றது. செங்கீரையில் குழந்தை உடலையும் தலையையும் அசைத்தாடுகின்றது, தாலில் நாவசைவும் தாலாட்டும் இணைகின்றன, சப்பாணியில் கைகொட்டுகின்றது, அம்புலியில் நிலவை விளையாட அழைக்கக் கேட்கின்றது, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பகுதியில் சிறுபறை முழக்குகின்றது, பெண்பாலில் அம்மானையும் ஊசலும் பாட்டோடு வருகின்றன. புலவர்கள் இவற்றைக் கல்வித்திட்டமாக எழுதினாரல்லர். தெய்வத்தையும் அரசரையும் புகழவே எழுதினர். எனினும், உடலசைவு முதலிலும், குரல் அதனை அடுத்தும், கைத்தாளம் அதன் பின்னும், கருவி இறுதியிலுமாக அமைந்துள்ள ஒழுங்கு குழந்தைகளைக் கூர்ந்து நோக்கியோர் கண்ட ஒழுங்கேயாகும்.

இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய இசைக் கல்வியாளர்களும் இதனை ஒத்த முடிவுக்கே வந்தனர். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த எமில் ஜாக் டல்குரோஸ் தாளத்தை உடலின் வழியே உணர்த்த வேண்டும் என்றார். ஜேர்மனியில் கார்ல் ஓர்ஃப், பேச்சு, அசைவு, பாட்டு, எளிய தட்டுக் கருவிகள் ஆகியவற்றை ஒன்றிணைத்துக் குழுவாக இசைக்கும் முறையை வகுத்தார். ஹங்கேரியில் சொல்தான் கொடாய் 1905 ஆம் ஆண்டு முதற் கிராமங்கள் தோறுஞ் சென்று உழவர் பாடல்களைத் திரட்டினார். தாய்மொழி போன்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத் தாய்மொழியும் உண்டு, அது நாட்டுப்பாடலே என்பது அவரது துணிபு. கருவியையோ சுர எழுத்தையோ முதலிற் கொடாது, குரலையும் விளையாட்டையும் முதலிற் கொடுத்தமை இம்மூவர்க்கும் பொதுவாம். நம் கருநாடக இசை மரபிற் புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் சரளி வரிசையும் அலங்காரமும் சிறந்த பயிற்சிகளே. மூன்று வயதுக் குழந்தையை அமர்த்தி அவற்றிலிருந்தே தொடங்கும்போதுதான் இசை தண்டனையாகின்றது. இங்குக் குறை பயிற்சியினதன்று, பருவமறியாமையினதே.

தமிழ்க் கல்வியுலகிலும் இவ்வுணர்வு புதியதன்று. 1935 ஆம் ஆண்டில் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுதியை வெளியிட்டது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்கெனப் பாடிய பாடல்கள் ஈழத்துத் தமிழ்ப் பள்ளிகளிற் பல தலைமுறைகளாகப் பாடப்பட்டு வந்துள்ளன. ஆயின் அவற்றிற் பேசப்படும் கூழும் கொழுக்கட்டையும் கத்தரித் தோட்டமும் யாழ்ப்பாணத்துக் குழந்தையின் உலகம். மலைச்சரிவில் லயத்தில் வாழும் குழந்தைக்கு அது அழகிய அயலுலகமே. அக்குழந்தையின் இசைத் தாய்மொழி யாது?

இவ்வினாவிற்கு விடைகாண மாத்தளையின் வரலாற்றைச் சிறிது நோக்கல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர், தலைமன்னார்ப் பகுதியிற் கரையிறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலைநாடு சேர்ந்தனர். தம்புள்ளையையும் நாலந்தையையுங் கடந்து வந்த அவ்வழியிற் பலர் நோயாலும் பசியாலும் மாண்டனர். மலைநாட்டின் வாயிலாக அவர்கட்கு அமைந்தது மாத்தளையே. 2023 ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டமை இக்காரணம் பற்றியே. கோப்பி அழிந்தபின் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வாசனைப் பயிர்களும் இம்மாவட்டத்தின் சரிவுகளை நிறைத்தன. இறத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பக்கங்களில் இன்றும் அம்மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர்.

உடைமையென்று சொல்லத்தக்கது யாதுமின்றி வந்த அம்மக்கள் பாட்டோடு வந்தனர். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கோலாட்டம், கொழுந்து பறிக்கும்போது பாடியவை, கங்காணியையும் துரையையும் எள்ளிப் பாடியவை எனப் பலவகைப் பாடல்கள் தோட்டங்களில் வாழ்ந்தன. மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்து தோட்டம் முழுவதையும் ஆடரங்காக்கியது. சி. வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக 1983 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மாத்தளை வடிவேலனும் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியுள்ளார். கொடாய் ஹங்கேரியிற் செய்த பணியின் முதற்பாதி இங்கும் ஓரளவு செய்யப்பட்டதென்பது இதனாற் பெறப்படும். திரட்டிய பாடலை மீண்டும் குழந்தையின் வாயிற் சேர்க்கும் மறுபாதியே எஞ்சியுள்ளது.

இவ்விடத்திற் பிள்ளை மடுவத்தைப் பற்றிக் கூறுதல் இன்றியமையாதது. தோட்டத் தாய் குழந்தையைப் பெற்ற சில மாதங்களிலேயே மலைக்குத் திரும்ப வேண்டியவளானாள். அவள் கொழுந்து பறிக்குங் காலத்திற் குழந்தைகளை ஓரிடத்திற் சேர்த்துக் காக்க அமைந்ததே பிள்ளை மடுவம். பிள்ளைக்காம்பரா எனவும் அது வழங்கிற்று. வரிசையாகக் கட்டிய ஏணைகளிற் பல வீட்டுக் குழந்தைகள் உறங்க, ஓர் ஆயா அனைவரையும் பார்த்துக்கொள்வாள். இன்று அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் பெற்று, பயிற்சி பெற்ற உத்தியோகத்தரின் பொறுப்பில் இயங்குகின்றன. நகரத்துப் பெற்றோர் கட்டணஞ் செலுத்தித் தேடும் 'குழு' இங்கு இயல்பாகவே உள்ளது. தாலாட்டைப் பாட வேண்டிய குரலோ பகற்பொழுதில் மலையுச்சியில் இருக்கின்றது. ஒரு தாயின் பாட்டுக்குரிய நேரத்தைப் பெரட்டுக்களம் எடுத்துக்கொண்டது என்பதே இங்குள்ள அறச்சிக்கலின் வேர். எடுத்துக்கொண்ட ஒன்றைத் திருப்பிக் கொடுத்தலைக் கொடை என்று எவரும் கூறார்.

இனி, குழந்தைகட்கு இசை ஏன் வேண்டும் என்னும் வினாவிற்குப் பெரிதும் கூறப்படும் விடையை ஆராய்வோம். இசை மூளையைக் கூர்மையாக்கும், கணிதத்திறனை வளர்க்கும், பரீட்சையில் வெற்றி தரும் என்பது அவ்விடை. இதன் வரலாறு சுவையானது. 1993 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வில், மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள் இடவடிவம் பற்றிய சில வினாக்கட்குச் சற்று நன்றாக விடையளித்தனர். அவ்விளைவு கால் மணி நேரமே நிலைத்தது. குழந்தைகள் அவ்வாய்வில் இடம்பெறவேயில்லை. எனினும், 1998 ஆம் ஆண்டில் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகள் அனைவர்க்கும் இசைத்தட்டு வழங்கப் பொதுப்பணம் ஒதுக்க முன்மொழியும் அளவிற்கு அக்கூற்று ஊதிப் பெருத்தது. பின்னர், 2013 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவெல் மேர் என்பாரும் பிறரும், நான்கு வயதுக் குழந்தைகளைப் பெற்றோருடன் ஆறு வார இசை விளையாட்டு வகுப்புகளிற் சேர்த்துச் சோதித்தனர். அறிவுத்திறனில் உறுதியான மேம்பாடு எதனையும் அவர்கள் காணவில்லை.

இதனால் இசைக்கல்வி வீண் என்று முடிவு செய்வோர், இசைக்கு வெளியே இசையின் பயனைத் தேடியவரே ஆவர். பரீட்சைப் புள்ளிக்காகக் குழந்தையைப் பாடவைப்பின், புள்ளி வராதபோது பாட்டும் நிறுத்தப்படும். அதனினும் கொடிது, அங்குக் குழந்தை தன் எதிர்காலத்துக்கான கருவியாக மாறிவிடுகின்றது. மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளாது குறிக்கோளாகவும் கொள்ளல் வேண்டும் என்ற கான்ற்டின் நெறி வளர்ந்தோர்க்கு மட்டும் உரியதன்று. நான்கு வயதுக் குழந்தையின் இன்றைய நாள் அதன் இருபதாம் வயதிற்கான முன்னேற்பாடு மட்டுமன்று. அதுவே ஒரு வாழ்நாள். பிறிதொன்றின் பொருட்டன்றித் தன்னிலேயே நிறைவுறும் செயலே விளையாட்டு எனக் கண்டோமன்றோ? அவ்விளையாட்டாக இசையைக் கொடுத்தல் குழந்தையின் நிகழ்காலத்தை மதித்தலாகும்.

அவ்வாறாயின், இசையால் எப்பயனும் இல்லையா எனின், இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். செயலுக்குப் புறத்தே நிற்கும் பயன் ஒன்று. செயலினுள்ளேயே அடங்கிய பயன் மற்றொன்று. 2010 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் கேர்ஷ்னர், தொமசெல்லோ என்னும் இருவர் நடத்திய ஆய்வில், பாடியும் தாளமிட்டும் கூடி விளையாடிய நான்கு வயதுக் குழந்தைகள், இசையின்றி அதே விளையாட்டை ஆடியோரைவிடப் பின்னர் ஒருவருக்கொருவர் மிகுதியாக உதவினர். இது வியப்பன்று. சேர்ந்து பாடுதலே ஓர் ஒத்துழைப்பு. தன் குரலைப் பிறர் குரலோடு பொருத்துதல், தன் முறை வரும்வரை காத்திருத்தல், கைகொட்டு நின்றவுடன் தானும் அடங்குதல் ஆகியன அறத்தின் பயன்களல்ல, அறத்தின் முதற் பயிற்சிகளே. நாலு பேர் கூடிக் கும்மியடிக்கும்போது ஒருத்தி முந்தினால் வட்டம் குலையும் என்பதை எந்த நீதிநூலும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்க இயலாது. ஒழுங்கின்றிக் கலை வளருமா என்று வினவுவோர்க்கும் இதுவே விடை. விளையாட்டிற்கு விதியுண்டு, அவ்விதியைக் குழந்தை விரும்பி ஏற்கின்றது.

கிரேக்கச் சிந்தனையாளர் இருவரின் கருத்தும் ஈண்டு நோக்கற்பாலது. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், இசை உள்ளத்தின் ஆழத்திற் புகுந்து அதனை வடிவமைப்பதாகக் கருதியமையால், எத்தகைய இசை இளையோர்க்கு ஏற்றதென்பதை ஆள்வோரே தெரிவு செய்தல் வேண்டும் என்றார். அரிஸ்டோட்டில் சற்று நெகிழ்ந்தவர். குழந்தைகள் வீட்டுப் பொருள்களை உடைக்காதிருக்க அவர்கட்குக் கொடுக்கும் கிலுகிலுப்பை நல்லதொரு கண்டுபிடிப்பு என்று பாராட்டி, வளர்ந்த சிறுவர்க்குக் கல்வியே கிலுகிலுப்பை என்றார். இளையோர் இசையைத் தாமே பயிலல் வேண்டும். ஆயின் போட்டிக்காகப் பயிலலாகாது என்பது அவரது எச்சரிக்கை. போட்டிக்குப் பயில்வோன் தன் மேம்பாட்டை நாடாது, கேட்போரின் மகிழ்ச்சிக்கே உழைக்கின்றான் என்பது அவர் கூறும் காரணம்.

இவ்வெச்சரிக்கை நமக்கு மிகவும் பொருந்தும். முன்பள்ளிகளின் ஆண்டிறுதிக் கலைவிழாக்களில், நல்ல குரலுள்ள நால்வர் ஒலிவாங்கியின் முன்னும், ஏனையோர் பின்வரிசையிலும் நிற்பதைக் காண்கின்றோம். சுருதி சேராத குழந்தை 'நீ வாயை மட்டும் அசை' என்று கூறப்படுதலும் உண்டு. அச்சொல்லைக் கேட்ட குழந்தை தன் குரல் குறையுடையது என்பதையே முதற் பாடமாகக் கற்கின்றது. பலர் அப்பாடத்தை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. விழாவே வேண்டாம் என்பது நம் வாதமன்று. விழாவிற்காக வகுப்பு என்றாகாமல், வகுப்பின் மகிழ்ச்சி ததும்பி விழாவாதல் வேண்டும் என்பதே நம் வாதம். குழுவிசை வகுப்பின் அறத்தரத்தை அளக்கும் கோல் மிகச் சிறந்த குழந்தையின் பாட்டன்று. சுருதி சேராத குழந்தையும் வட்டத்தினுள் நின்று அச்சமின்றிப் பாடுகின்றதா என்பதே அக்கோல்.

எவருடைய பாட்டு என்னும் வினா எஞ்சியுள்ளது. மழலையர் கல்வி என்றவுடன் ஆங்கிலச் சிறுபாடல்களை ஒப்புவிக்க வைத்தலே உயர்வெனக் கருதும் மனப்பாங்கு நகரிலிருந்து தோட்டத்திற்கும் பரவியுள்ளது. ஆங்கிலப் பாட்டு பாவமன்று. தன் பாட்டியின் பாட்டு வகுப்பினுள் நுழையத் தகுதியற்றது எனக் குழந்தை உய்த்துணர்வதே தீங்கு. இதன் கூர்மையான எடுத்துக்காட்டு தப்பு. அதிகாலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும், காமன் கூத்தில் முழங்கியதும், இறந்தோரை வழியனுப்பியதும் அக்கருவியே. சாதியின் பெயரால் அதனை இழிந்ததென ஒதுக்குவோர் இன்றும் உளர். நான்கு வயதுக் குழந்தைக்கு மிருதங்கத்தின் சாதியும் தெரியாது, தப்பின் சாதியும் தெரியாது. ஒலி பிடித்தால் ஆடும். இழிவு பெரியோர் கையிலிருந்தே அதன் கைக்கு மாறுகின்றது. வகுப்பில் தப்பும் மிருதங்கமும் ஒரே பாயில் இடம்பெறின், அந்தக் கைமாற்றம் அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். மலையகத் தாலாட்டுகள் பல துயரப் பாடல்கள். குடியகல்வும் கொடுமையும் பாடுவன. அவற்றைக் குழந்தையின் விளையாட்டிற் புகுத்துதல் தகுமா? இம்மறுப்பில் நியாயமுண்டு. ஆயின் தாய்மார் அப்பாடல்களைக் குழந்தைகட்கே பாடினர் என்பதையும் மறத்தலாகாது. குழந்தை பொருளை அறியாது மெட்டைப் பெற்றது. பொருளை வளர்ந்தபின் அறிந்தது. ஆகவே மெட்டையும் தாளத்தையும் முதலில் அளித்து, மழையையும் அட்டையையும் கொழுந்துக் கூடையையும் பற்றிய எளிய புதுச் சொற்களை அவற்றிற்கு இசைத்தல் இயலும். பழைய சொற்கள் உரிய பருவத்தில் வந்து சேரட்டும். அன்றியும், மாத்தளை தமிழர் மட்டும் வாழும் நிலமன்று. சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் தோட்டங்களோடு அடுத்துள்ளன. இந்நாட்டின் தேசிய கீதத்தை இரு மொழிகளிலும் ஒரே மெட்டிற் பாடலாம் என்பதை நாம் அறிவோம். தன் பாட்டைத் தலைநிமிர்ந்து பாடக் கற்ற குழந்தை, அயல் வீட்டுக் குழந்தையின் பாட்டையும் கூச்சமின்றிக் கற்கும்.

இறுதியாக, இக்கடனை எவர் செலுத்துவது? இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சிரட்டை, மூங்கிற் குழாய், விதையிட்ட தகரப்பேணி, கோலாட்டக் கோல் ஆகியனவே கருவிகளாகப் போதும். வேண்டியது காலமும் ஆளுமே. பல குழந்தைகளின் உணவையும் உறக்கத்தையும் துப்புரவையும் ஒருங்கே பார்க்கும் ஒரு பெண்ணிடம் இசையையும் சுமத்திவிட்டு, மேலதிக ஊதியமும் உதவியும் வழங்காதுவிடின், அஃது ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் படுதலாகும். இக்கூலியும் பயிற்சியும் தோட்ட நிருவாகத்தினதும் அரசினதும் பொறுப்பு. பல்கலைக்கழகத்தார்க்கும் ஒரு பங்குண்டு. தோட்டங்களில் எஞ்சியுள்ள முதியோரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்தலோடு நம் பணி முடிவதாக எண்ணுகின்றோம். அப்பதிவுகள் நூலகப் பேழையில் உறங்கின், பாட்டி பாடியதை நாம் பெற்றோம், பேரன் பெற்றிலன் என்பதே முடிவாகும். விடுமுறை நாள்களில் ஒரு சிறு மாணவர் குழு, திரட்டிய பத்துப் பாடல்களைப் பிள்ளை மடுவத்து உத்தியோகத்தர்க்கும் குழந்தைகட்கும் மீளப் பாடிக் கொடுத்தல் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

கொடை, கொடுப்போனின் விருப்பத்தைப் பொறுத்தது. கொடாவிடினும் அவனைப் பழிப்பாரில்லை. கடனோ பெறுவோனின் உரிமையைப் பொறுத்தது. தாயின் குரல் மலைக்குச் சென்றமையால் பகலிற் பாட்டிழந்த குழந்தைக்குப் பாட்டு உரிமையே. அதனை விளையாட்டாகவும், கூட்டாகவும், அதன் சொந்தக் குரலிலும் திருப்பிக் கொடுத்தல் நம் தலைமுறையின் கடன். அக்கடனைச் செலுத்தும் முறை எளிது. குழந்தைகளை வட்டமாக நிறுத்தி, அவர்களுள் ஒருவராக நாமும் நின்று, முதலிற் கைகொட்டத் தொடங்குதல் போதும்.